ஆயா வீட்டுப் பிஸ்டலுக்கு என்ன வயது?

உடையார்பாளையம் பக்கத்திலிருந்து ஒரு பையன் போன மார்கழியில் என்னைத் தேடி வந்தான். வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, "ஆர்மரர் சார் வீடு இதுதானுங்களா?" என்று கேட்டான். நான் ஓய்வு பெற்று ஐந்து வருஷம் ஆகிறது. பெரம்பலூரில் எங்கள் தெருவில் இன்னும் எனக்கு அதுதான் பெயர்.

மஞ்சள் பையிலிருந்து துப்பாக்கி லைசென்ஸ் புத்தகம் ஒன்றை எடுத்து நீட்டினான். தாத்தா இறந்து இரண்டு வருஷம். அவர் பெயரில் இருந்த பிஸ்டலைச் சட்டப்படி திருச்சியில் ஒரு துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்து வைத்திருக்கிறார்கள். அதைத் தன் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லி மனுப் போட்டிருக்கிறான். புத்தகத்தில் எழுதியிருக்கிற நம்பரும் பிஸ்டலில் அடித்திருக்கிற நம்பரும் ஒத்துப்போகவில்லை என்று மனு திரும்பிவிட்டது.

"ஒரே ஒரு நம்பர்தான் சார் வித்தியாசம். புத்தகத்துல எட்டு. பிஸ்டல்ல மூணு."

"ஒரு நம்பர் வித்தியாசம்னா அது வேற பிஸ்டல் தம்பி" என்றேன். பையன் முகம் வாடிவிட்டது. பிறகுதான் அவன் இரண்டாவது கேள்வியைக் கேட்டான்: "ஆயா இது வெள்ளைக்காரன் காலத்துதுங்குது. நம்பரை வச்சு எந்த வருஷம்னு சொல்ல முடியுமா சார்?"

முடியும், முடியாது என்று இரண்டு பதிலும் இதற்கு உண்டு. இந்தக் கட்டுரையே அதைச் சொல்லத்தான்.

போலீஸ் ஆர்மரர் என்றால் நன்றாகச் சுடுகிறவர் என்று நினைக்கிறார்கள். நான் சுட்டதைவிடத் துடைத்ததுதான் அதிகம். 1984-ல் திருச்சி ஆயுதப்படையில் சேர்ந்தேன். 1995-ல் பெரம்பலூர் தனி மாவட்டம் ஆனபோது இங்கே வந்தேன். பிறகு அரியலூர் பிரிந்தது, சேர்ந்தது, 2007 நவம்பரில் மறுபடி பிரிந்தது. ஒவ்வொரு முறையும் மாவட்டம் பிரியும்போது துப்பாக்கிகளும் பங்கு பிரியும். எந்தத் துப்பாக்கி எந்தப் பக்கம் என்று எண் பார்த்து எழுதியவர்களில் நானும் ஒருவன்.

ஆயுதக் கிடங்கில் ஒரு ரைஃபிளுக்கு இரண்டு எண் இருக்கும். கட்டையில் பெயின்டால் எழுதியிருப்பது பட் நம்பர். காவலர் மனப்பாடம் செய்துவைத்திருப்பது அதைத்தான். அது எங்கள் வசதிக்கு நாங்கள் போட்டுக்கொண்டது. கட்டை மாறினால் எண்ணும் மாறிவிடும். இரும்பில் ஃபாக்டரியில் அடித்தது பாடி நம்பர். அது மாறாது. புதிதாக வந்த காவலர் யாராவது பட் நம்பரைப் பாடி நம்பர் கட்டத்தில் எழுதிவிட்டால் அன்றைக்கு மதியம் யாருக்கும் சாப்பாடு கிடையாது. ஆக, எந்தப் பழைய துப்பாக்கியைப் பார்த்தாலும் எனக்கு வரும் முதல் சந்தேகம், இந்த எண் எந்த எண் என்பதுதான். ஃபாக்டரி போட்டதா, பட்டாளம் போட்டதா, லைசென்ஸ் கொடுத்தவர்கள் போட்டதா, காப்புரிமை எண்ணா, பாகங்களைப் பொருத்தும்போது ஒன்று மாறிப்போகாமல் இருக்கத் தொழிலாளி தட்டிவைத்த எண்ணா?

மறுவாரம் பையனோடு திருச்சி போனேன். கடைக்காரர் இரும்புப் பெட்டியைத் திறந்து, துணியைப் பிரித்து மேஜையில் வைத்தார். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, வெப்ளி. பாயிண்ட் 32 தோட்டா போடுகிற தானியங்கிப் பிஸ்டல். இதன் கைப்பிடி மற்ற பிஸ்டல்களைப் போலச் சாய்ந்திருக்காது. தச்சரின் மூலைமட்டம் மாதிரி குழலுக்கு நேர் செங்குத்தாக இறங்கும். அழகு என்று சொல்ல மாட்டேன். ஆனால் லண்டன் மாநகரப் போலீஸ் 1911-ல் இந்த ரகத்தைத்தான் எடுத்துக்கொண்டது.

பையன் நம்பரைக் காட்ட விரலை நீட்டினான். "அது கடைசியில" என்றேன்.

முதலில் பெயரைப் படிக்க வேண்டும். பக்கவாட்டில் 'வெப்ளி அண்ட் ஸ்காட் லிமிடெட்' என்று இருந்தது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்தில் 1897-ல் மூன்று கம்பெனிகள் ஒன்றாகச் சேர்ந்தபோது வைத்த பெயர் நீளமானது: வெப்ளி அண்ட் ஸ்காட் ரிவால்வர் அண்ட் ஆர்ம்ஸ் கம்பெனி. 1906-ல் அதைச் சுருக்கி வெப்ளி அண்ட் ஸ்காட் லிமிடெட் ஆக்கினார்கள். ஆகவே ஆயா வீட்டுப் பிஸ்டல் 1906-க்கு முந்தியது அல்ல.

அடுத்தது முத்திரை. நம் ஊரில் தராசுக்கும் படிக்கல்லுக்கும் முத்திரை அடிப்பது போல, இங்கிலாந்தில் ஒவ்வொரு துப்பாக்கிக் குழலையும் சோதித்து முத்திரை அடிக்க வேண்டும் என்பது சட்டம். பர்மிங்ஹாமில் இதற்கென்று 1813-ல் சட்டம் போட்டு ஒரு சோதனை நிலையம் வைத்தார்கள். வழக்கமான அளவைவிடக் கூடுதலாக மருந்து போட்டுச் சுட்டுப் பார்ப்பார்கள். குழல் வெடிக்காமல் தாக்குப்பிடித்தால் அடையாளம் அடிப்பார்கள். 1904 வரைக்கும் அந்த அடையாளம் ஒரு கிரீடமும் அதன்கீழ் குறுக்காக வைத்த இரண்டு செங்கோலும். அதன்பின் கிரீடமும் கீழே பி.பி., பி.வி., என்.பி. என்ற எழுத்துகளும். என்.பி. என்றால் புகையில்லா மருந்துக்குச் சோதித்தது என்று பொருள். ஒரு பிஸ்டலில் குறுக்குச் செங்கோல் இருந்தால் அது உங்கள் கொள்ளுத்தாத்தாவுக்குத் தம்பி. கிரீடமும் எழுத்தும் மட்டும் என்றால் 1904-க்குப் பிந்தியது. ஆயா வீட்டுப் பிஸ்டலில் எழுத்துகள் இருந்தன.

மூன்றாவது, ரகம். இந்த வெப்ளி பாயிண்ட் 32-ஐ 1940-ல் செய்வதை நிறுத்திவிட்டார்கள். உலகப் போர் நடக்கிறது, பட்டாளத்துக்கு ரிவால்வர் செய்யவே கை போதவில்லை. ஆக 1906-லிருந்து 1940-க்குள். எண்ணைத் தொடாமலேயே இவ்வளவு தூரம் வந்துவிட்டோம்.

வெப்ளி எல்லாமே இப்படிக் கஷ்டப்படுத்தாது. முதல் உலகப் போரில் பட்டாளத்துக்குப் போன பெரிய ரிவால்வர், பாயிண்ட் 455 ஆறாம் மார்க், 1915-ல் வந்தது. அதன் உடம்பிலேயே 1917 என்றோ 1918 என்றோ வருஷத்தை அடித்திருப்பார்கள். 1921-க்குப் பிறகு அதே ரிவால்வரை என்ஃபீல்டு அரசுத் தொழிற்சாலை செய்தது. கிரீடம், என்ஃபீல்டு என்ற பெயர், வருஷம் மூன்றும் வரிசையாக இருக்கும். 1932-ல் வந்த பாயிண்ட் 38 என்ஃபீல்டிலும் அப்படித்தான். நான் வேலையில் சேர்ந்தபோது இவற்றில் சில எங்கள் பெட்டிகளில் இருந்தன. 1938-க்குப் பிந்திய சிலவற்றில் குதிரையின், அதாவது தோட்டாவைத் தட்டுகிற சுத்தியலின், வால் வெட்டப்பட்டிருக்கும். யாரோ உடைத்துவிட்டார்கள் என்று ஒரு முறை அறிக்கையே எழுதிவிட்டேன். டாங்கிக்குள் உட்கார்ந்திருக்கும் சிப்பாயின் சட்டையிலும் கம்பியிலும் மாட்டுகிறது என்று ஃபாக்டரியே அப்படிச் செய்தது என்று மேலதிகாரி சொல்லித்தான் தெரிந்தது.

வருஷம் அடித்திருக்கிறதே என்று உடனே நம்பிவிடவும் கூடாது. குன்னம் பக்கத்தில் ஒருவர் தன் கோல்ட் பிஸ்டல் 1897-ல் செய்தது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பார்த்தால், பக்கவாட்டில் 1897 ஏப்ரல் 20, 1903 டிசம்பர் 22 என்று இரண்டு தேதி. அவை ஜான் பிரௌனிங் தன் கண்டுபிடிப்புக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய தேதிகள். மருந்துச் சீட்டில் டாக்டரின் பதிவு எண்ணைப் பார்த்துவிட்டு அதுதான் மாத்திரையின் விலை என்பது போல இது. கடைப் பெயரும் இப்படித்தான் ஏமாற்றும். மவுண்ட் ரோட்டில் கடிகாரத்துக்குப் பேர் போன பி.ஆர். அண்ட் சன்ஸ் பெயர் பொறித்த துப்பாக்கிகள் உண்டு. கல்கத்தா ரோடா கம்பெனி பெயர் போட்டவையும் உண்டு. பெரும்பாலும் அது விற்றவர் பெயர், செய்தவர் பெயர் அல்ல.

கோல்ட் என்றதும் சொல்ல வேண்டிய கதை ஒன்று இருக்கிறது. எண்ணின் பெருமை அதில்தான் முழுசாகத் தெரியும்.

1928 டிசம்பர் 17. லாகூரில் சாண்டர்ஸ் என்ற இளம் போலீஸ் அதிகாரியைப் பகத்சிங்கும் ராஜகுருவும் சுட்டார்கள். பகத்சிங் கையில் இருந்தது பாயிண்ட் 32 கோல்ட் தானியங்கிப் பிஸ்டல். வழக்கு நடந்தது, 1931 மார்ச்சில் தூக்கு நிறைவேறியது, பிறகு நாடு பிரிந்தது. பிஸ்டல் என்ன ஆனது என்று எண்பது வருஷத்துக்கு மேல் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பஞ்சாபைச் சேர்ந்த ஜுபிந்தர்ஜித் சிங் என்ற பத்திரிகையாளர் கேட்டார். அவரிடம் இருந்த பிடி ஒன்றே ஒன்று: லாகூர் சதி வழக்கின் ஆவணத்தில் எழுதியிருந்த பிஸ்டலின் எண், 168896.

அதை வைத்துக்கொண்டு தேடினார். லாகூரிலிருந்து ஃபில்லௌர் போலீஸ் பயிற்சிக் கல்லூரிக்கு வந்திருக்கிறது. அங்கிருந்து 1969-ல் வேறு சில ஆயுதங்களோடு இந்தூரில் இருக்கும் எல்லைப் பாதுகாப்புப் படையின் ஆயுதப் பயிற்சிப் பள்ளிக்குப் போயிருக்கிறது. அந்தப் பள்ளியின் அருங்காட்சியகத்தில் எல்லா ஆயுதத்துக்கும் துருப்பிடிக்காமல் இருக்கக் கறுப்புப் பெயின்ட் அடித்துவைத்திருந்தார்கள். எண்ணே தெரியவில்லை. 2016-ல் பெயின்டைச் சுரண்டினார்கள். ஒரு கோல்ட்டின் மேல் ஒவ்வொன்றாக வெளியே வந்தது: ஒன்று, ஆறு, எட்டு, எட்டு, ஒன்பது, ஆறு. இத்தனை வருஷம் பெயர்ப்பலகை கூட இல்லாமல் மற்றவற்றோடு ஒன்றாக அது கிடந்திருக்கிறது. இப்போது பஞ்சாபில் ஹுசைனிவாலா எல்லையில், பகத்சிங்கின் உடலை எரித்த இடத்துக்குப் பக்கத்தில் உள்ள அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது.

எனக்கு அந்தச் செய்தியில் பிடித்த இடம் பெயின்டைச் சுரண்டியது அல்ல. 1920-களின் கடைசியில் லாகூரில் யாரோ ஒரு போலீஸ் எழுத்தர் ஆறு இலக்கத்தையும் பிழையில்லாமல் எழுதிவைத்தாரே, அதுதான். அவர் ஒரு எட்டை மூன்றாக எழுதியிருந்தால் இந்தூரில் அந்தப் பிஸ்டல் இன்னும் கறுப்புப் பெயின்டோடு கிடந்திருக்கும்.

அதே எண்ணை வைத்து வயதையும் கொஞ்சம் சொல்லலாம். கோல்ட் கம்பெனி 1903-ல் தொடங்கிய இந்த ரகத்தை எண்ணின் வரிசைப்படி சேகரிப்பாளர்கள் வகை பிரித்திருக்கிறார்கள். 71,999 வரை முதல் வகை, குழல் நான்கு அங்குலம். 72,000 முதல் 1,05,050 வரை இரண்டாம் வகை, குழல் மூன்றே முக்கால் அங்குலம். 1,05,051-க்கு மேலே மூன்றாம் வகை; முந்திய இரண்டிலும் குழல் வாயில் தனியாகக் கழற்றக்கூடிய ஒரு வளையம் இருக்கும், இதில் இருக்காது. 1910-க்குப் பிறகு 1926 வரை வந்தவை இவை. 168896 இந்த மூன்றாம் வகையில், அதுவும் முன்பாதியில் விழுகிறது. எண் ஒரு வகையைச் சொல்ல, குழல் வாய் வேறு வகையைச் சொன்னால், ஒன்று யாரோ பாகம் மாற்றியிருக்கிறார்கள், இல்லை எண்ணில் கைவைத்திருக்கிறார்கள்.

கோல்ட் எண் ஒழுங்காக ஏறிக்கொண்டே போனது. எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. ஜெர்மன் பட்டாளத்து லூகர் பிஸ்டலில் எண் பத்தாயிரம் வரை போகும், பிறகு ஓர் ஆங்கில எழுத்தைச் சேர்த்துக்கொண்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். வருஷம் பிறந்தால் எல்லாம் முதலிலிருந்து. ஒரே எண்ணும் ஒரே எழுத்தும் கொண்ட லூகர்கள் வெவ்வேறு வருஷத்தில் பிறந்திருக்கும். வருஷத்தையும் சேர்த்துப் படித்தால்தான் ஆள் அடையாளம் தெரியும். இத்தாலியின் பெரெட்டா இன்னும் வேடிக்கை. முசோலினி ஆட்சிக்கு வந்த 1922 அக்டோபரிலிருந்து ஒரு புது ஆண்டுக்கணக்கு வைத்திருந்தார்கள். பிஸ்டலில் 1941 என்றும் பக்கத்தில் ரோமன் எழுத்தில் 19 என்றும் இருக்கும். 1941 அக்டோபர் கடைசியில் 20-ஆம் ஆண்டு பிறந்துவிடும். ஆகவே 19 என்றால் அந்த வருஷம் அக்டோபர் முடிவதற்குள் செய்தது. நம் ஊர் பிரபவ, விபவ மாதிரிதான். இரண்டு கணக்கையும் சேர்த்து வைத்தால் மாதம்கூடப் பிடிபடும்.

பெரெட்டாவை நமக்கு மறக்க முடியாது. 1948 ஜனவரி 30 அன்று காந்தியைச் சுட்டது ஒரு பெரெட்டா. செங்கோட்டையில் நடந்த வழக்கில் அதன் எண் 606824 என்று பதிவாகியிருக்கிறது. குவாலியரில் அது எந்தக் கைகள் வழியாக கோட்சேவிடம் வந்தது என்பதைச் சாட்சிகளைக் கொண்டு நிறுவ முயன்றபோது, எல்லாரும் சொல்வது ஒரே பிஸ்டலைத்தான் என்று கட்டிப்போட அந்த ஆறு இலக்கம் தேவைப்பட்டது.

எண்ணுக்கு எதிரில் பேரேடு இருந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கல்கத்தா ரோடா கம்பெனி கதையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1914 ஆகஸ்ட் 26. துறைமுகத்தில் கம்பெனியின் சரக்கு 202 பெட்டிகளை எடுத்துவரப் போன குமாஸ்தா 192 பெட்டிகளைக் கிடங்கில் சேர்த்துவிட்டு, மீதியைக் கொண்டுவருகிறேன் என்று போனவர் திரும்பவே இல்லை. காணாமல் போன பத்துப் பெட்டிகளில் 50 மௌசர் பிஸ்டல்களும் 46,000 தோட்டாக்களும் இருந்தன. எல்லாம் வங்கப் புரட்சிக்காரர்கள் கைக்குப் போய்விட்டன. ஆனால் ஒவ்வொரு மௌசருக்கும் எண் உண்டு. ரோடா கம்பெனியிடம் அந்த எண்களின் பட்டியல் இருந்தது. அதன்பிறகு வங்காளத்தில் எங்கே ஒரு மௌசர் சிக்கினாலும் பட்டியலைப் புரட்டினால் போதும். 44 பிஸ்டல்கள் ஒன்பது குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன, 54 சம்பவங்களில் பயன்பட்டன, 31 திரும்பக் கிடைத்தன என்று 1918-ல் ரௌலட் கமிட்டி கணக்கே எழுதியது. புரட்சிக்காரர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஒரு ஆர்மரராக அந்தப் பட்டியலைத் தயாரித்தவரையும் மெச்சத்தான் தோன்றுகிறது.

இனி நம் பக்கம் வருவோம். பெரம்பலூர், அரியலூர் கிராமங்களில் நான் அதிகம் பார்த்தது வெப்ளியோ கோல்ட்டோ அல்ல, நாட்டுத் துப்பாக்கி. வாய்வழியாக மருந்தும் ரவையும் போட்டுக் கம்பியால் கெட்டித்து, கேப்பு வைத்துச் சுடுவது. பச்சைமலைக்காரர்களிடம் இருந்தது, எறையூர் நரிக்குறவர் குடியிருப்பில் இருந்தது, பன்றிக்காகக் கரும்புக் கொல்லைக்காரர்களும் வைத்திருந்தார்கள். தேர்தல் அறிவித்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். ஒவ்வொன்றாக வாங்கி எண் பார்த்து ரசீது கொடுக்க வேண்டும். நாட்டுத் துப்பாக்கியில் ஃபாக்டரி எண் ஏது? கொல்லன் பட்டறையில் பிறந்தது. குழலில் உளியால் வெட்டிய லைசென்ஸ் எண்தான் அதற்கு எல்லாம்.

ஒரு தேர்தலில் நரிக்குறவப் பெரியவர் ஒருவர் தன் துப்பாக்கியை நீட்டினார். எண் தேய்ந்து பாதிதான் தெரிந்தது. "சாமி, நம்பரைப் பாக்காதே. இந்தக் கட்டையிலே ஒரு கீறல் இருக்கு பாரு, அது எங்கப்பன் விழுந்தப்ப ஆனது. அதை எழுதிக்கோ" என்றார். பதிவேட்டில் அப்படியே எழுதினேன்: 'கட்டையின் இடப்பக்கம் நீளவாக்கில் கீறல்.' தேர்தல் முடிந்து திருப்பிக் கொடுத்தபோது அவர் பார்த்தது அந்தக் கீறலைத்தான்.

எண்ணே இல்லாத பொருளுக்கு வயது சொல்வது நம் மாவட்டத்துக்குப் புதிதில்லை. சாத்தனூரில் கல்லாகிப் போன மரம் ஒன்று 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்துக்கிடக்கிறது. 1940-ல் புவியியல் துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் அதைப் பற்றி முதலில் எழுதினார். ஏறக்குறைய 12 கோடி வருஷம் என்கிறார்கள். மரத்தில் யாரும் எண் அடித்துவைக்கவில்லை. அது கிடக்கிற பாறை எது, அந்தப் பாறைகளில் என்ன கிளிஞ்சல் இருக்கிறது, அந்தக் கிளிஞ்சல் எந்தக் காலத்தது என்று கூட இருப்பதை வைத்துத்தான் கணக்கு. பழைய பிஸ்டலையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்க்கத் தெரியாத வயதில் நான் செய்த ஒரு காரியத்தை இங்கே சொல்லியாக வேண்டும். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். வாலிகண்டபுரத்துப் பக்கம் கிணறு தூர்வாரும்போது கிடைத்தது என்று ஒரு பழைய கைத்துப்பாக்கி வந்தது. முழங்கை நீளம், ஒற்றைக்குழல், சக்கிமுக்கிக் கல் வைத்துச் சுடுகிற மாதிரி, ஒரே துரு. 'சுத்தம் பண்ணி வை' என்றார்கள். எமரி பேப்பர் எடுத்து ஒரு மதியம் முழுக்கத் தேய்த்தேன். குதிரைக்குக் கீழே இருந்த தகட்டில் ஏதோ வெற்றிலை வடிவத்தில் மங்கலாகத் தெரிந்தது. அதுவும் துரு என்று நினைத்துத் தேய்த்தேன். பளபளவென்று ஆகிவிட்டது; எல்லாரும் பாராட்டினார்கள்.

பத்து வருஷம் கழித்து ஒரு புத்தகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் துப்பாக்கி முத்திரைப் படத்தைப் பார்த்தேன். இதய வடிவம், உள்ளே நான்கு கட்டம், கட்டத்துக்கு ஒன்றாக வி, ஈ, ஐ, சி. 1808 வரைக்கும் அந்த முத்திரை. அதன்பின் கிரீடத்தைப் பிடித்து நிற்கும் சிங்கம். வாலிகண்டபுரத்தையும் ரஞ்சன்குடியையும் சுற்றி 1751-ல் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் ஒரு பக்கம், முகமது அலியும் கம்பெனிப் பட்டாளமும் மறுபக்கம் என்று சண்டை நடந்திருக்கிறது. 1801-ல் பாளையக்காரர்களிடம் ஆயுதம் இருக்கக் கூடாது என்று கம்பெனி உத்தரவு போட்ட பிறகு கிணற்றிலும் குளத்திலும் எத்தனை ஆயுதம் விழுந்ததோ. நான் தேய்த்தது வெற்றிலையா, இதயமா? இன்றைக்குவரைக்கும் எனக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் நான்தான்.

ஆகையால் பழைய துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, தேய்க்காதீர்கள். மெல்லிய துணி, இரண்டு சொட்டு எண்ணெய், அவ்வளவுதான். பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்று எவராவது வந்தால் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள். தேய்ந்த எண் சட்டத்திலும் இடிக்கும். 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு, துப்பாக்கியின் பெயரையோ எண்ணையோ அழிப்பதும் மாற்றுவதும் குற்றம் என்கிறது. அழிந்த எண்ணோடு ஒரு துப்பாக்கி உங்களிடம் இருந்தால் நீங்கள்தான் அழித்தீர்கள் என்று எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பாடு.

திருடன் ராவினால் எண் போய்விடும் என்றும் நினைக்க வேண்டாம். எஃகில் அச்சை வைத்து ஓங்கி அடிக்கும்போது பள்ளம் விழுவதோடு நிற்பதில்லை, பள்ளத்துக்கு அடியிலிருக்கும் இரும்பும் நசுங்கி இறுகிப்போகிறது. மேலே ராவித் தட்டையாக்கினாலும் அந்த நசுங்கிய இடம் அமிலத்துக்கு வேறு மாதிரி கரையும். தடய அறிவியல் கூடத்தில் மருந்து பூசிப் பொறுமையாகக் காத்திருந்தால் எண் ஆவி மாதிரி எழுந்துவரும், சில நிமிஷத்தில் மறையும். அதற்குள் படம் எடுத்துக்கொள்வார்கள். 1849-ல் மெட்ராஸில் தொடங்கிய ரசாயனப் பரிசோதகர் கூடம்தான் வளர்ந்து நம் மாநிலத் தடய அறிவியல் துறை ஆனது. அவர்கள் கைக்குப் பல எண்கள் இப்படி எழுந்து வந்திருக்கின்றன.

இன்னொரு தப்பு எண்ணமும் இங்கே பரவலாக உண்டு. 'நூறு வருஷப் பழசு சார், லைசென்ஸ் எதுக்கு?' என்பார்கள். சட்டம் விலக்குக் கொடுப்பது பழசானதால் மட்டும் அல்ல. வழக்கொழிந்த மாதிரியாகவோ தொல்பொருள் மதிப்புள்ளதாகவோ பழுதானதாகவோ இருந்து, ரிப்பேர் செய்தாலும்கூடச் சுட முடியாது என்றால்தான் விலக்கு. ஆயா வீட்டு வெப்ளி இன்றைக்கும் சுடும். வயது அதற்கு ஒரு சலுகையும் வாங்கித் தராது. 2019-க்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிதான் வைத்துக்கொள்ளலாம், முன்பு மூன்று. தாத்தா வழி, மாமனார் வழி என்று சேர்த்துவைத்தவர்கள் பலர் அப்போது எங்களிடம் வந்து ஒப்படைத்தார்கள்.

திருச்சிக் கடைக்குத் திரும்புவோம். பூதக்கண்ணாடியும் டார்ச்சும் வைத்து எண்ணைப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, மூன்று. ஆனால் அந்தப் பள்ளத்தில் பழைய எண்ணெயும் தூசியும் இறுகி, மூன்றின் திறந்த வாயை அடைத்திருந்தது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் மூன்று, நேராகப் பிடித்தால் எட்டு. பையனிடம் லைசென்ஸ் புத்தகத்தைக் கேட்டு முதல் பக்கத்தைப் பார்த்தேன். 1962 கடைசியில் கொடுத்த புத்தகம். புது ஆயுதச் சட்டம் அந்த அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது, புதுப் புத்தகங்கள் எழுதினார்கள். அப்போது யாரோ பார்த்து எழுதியதில் மூன்று எட்டாகிவிட்டது. அறுபது வருஷமாகப் புதுப்பித்த எல்லாரும் புத்தகத்தைப் பார்த்துப் புதுப்பித்தார்கள், பிஸ்டலைப் பார்க்கவில்லை.

"இதுக்கு முந்தின புத்தகம் எங்கே?"

"அது இல்லை சார்."

"இல்லைன்னு சொல்லாதே. ஆயாவைக் கேளு."

மறுநாள் நானே அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஆயாவுக்கு வயது 86. திண்ணையில் உட்கார்ந்து புளி ஆய்ந்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும், "எம் மாமனாரு பொட்டி ஒண்ணு பரண்ல கெடக்கு. பட்டாவுக்காகப் பத்திரம் பண்ணி வச்சிருக்கேன். எறக்குடா" என்றார். தகரப் பெட்டி இறங்கியது. கிஸ்து ரசீதுகள், ஒரு ஜாதகக் கட்டு, எல்லாவற்றுக்கும் அடியில் மடிந்துபோன ஒரு பழைய லைசென்ஸ். ட்ரிச்சினாபோலி ஜில்லா மாஜிஸ்திரேட் முத்திரை. மாமனார் பெயர். வெப்ளி பாயிண்ட் 32 பிஸ்டல் ஒன்று. எண் கறுப்பு மையில், அச்சடித்தது மாதிரி அழகான கையெழுத்தில் இருந்தது. மூன்று, மூன்றாகவே இருந்தது. தேதி 1938 பிப்ரவரி.

அதன் நகலையும் பிஸ்டல் எண்ணின் படத்தையும் சேர்த்துப் புது மனு எழுதிக்கொடுத்தேன். நான்கு மாதத்தில் புத்தகத்தில் எண்ணைத் திருத்திக் கொடுத்துவிட்டார்கள்.

"அப்ப அதுக்கு என்ன வயசு தம்பி?" என்று ஆயா கேட்டார்.

"1906-க்குப் பிறகு, 1938 பிப்ரவரிக்கு முன்னே. அதுக்கு மேல நெருக்கிச் சொல்ல முடியாதுங்க ஆயா."

ஆயா விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "அப்ப அது எனக்கு மூத்தாரு முறை" என்றார்.

பழைய லைசென்ஸ் உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால், துப்பாக்கியே இப்போது இல்லாவிட்டாலும், அதைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.